பழைய பிக்கப்புக்கு பெஞ்ச் சீட்டா பக்கெட் சீட்டா: ரெண்டையும் மாட்டி ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

ஒரே வண்டிக்கு ரெண்டு வருஷத்துல மூணு தடவ சீட்ட கழட்டி மாட்டினவன் நான், அந்த ஒரு தகுதிலதான் இத எழுதறேன். வண்டி 1970 செவர்லே சி10, அமெரிக்க பிக்கப், டிரைவர் சீட்டு இடது பக்கம், ஒத்த கேபின், கியரு ஸ்டீரிங் தண்டுலயே இருக்கற மூணு கியர் மேனுவல். இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்த கேள்விக்கு வந்துதான் ஆகணும், பழைய பெஞ்ச (கதவுலருந்து கதவு வரைக்கும் ஒரே நீள சீட்டு) வெச்சுக்கறதா, தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பக்கெட் (ஆளுக்கு ஒண்ணா தனித்தனி சீட்டு) போடறதான்னு. போட்டோ பாத்து முடிவு பண்ணினா கண்டிப்பா தப்பாதான் போகும், நானே அப்படித்தான் போனேன்.

வண்டி என் கைக்கு வந்தப்ப சீட்டு இருந்த லட்சணத்த சொல்லணும். வெளிய பாத்தா பரவால்ல, பிரவுன் கலர்ல சொரசொரன்னு ஒரு துணி கவர், அங்கங்க கிழிசல், அவ்ளோதான். உக்காந்தா தெரியும் சங்கதி. டிரைவர் பக்கம் மூணு இஞ்சு பள்ளம், நடுவுல மேடு, பாஸஞ்சர் பக்கம் சுமார், ஆக மொத்தம் இடது பக்கமா சாஞ்சுட்டே ஓட்டணும். அரை மணி நேரம் ஓட்டினா இடது இடுப்புல ஒரு வலி ஆரம்பிக்கும், ஒரு மணி நேரம் ஆனா அது முட்டி வரைக்கும் இறங்கும். வளைவுல திருப்பினா நான் பாட்டுக்கு வழுக்கிட்டு நடு சீட்டுக்கு போயிடுவேன், ஸ்டீரிங்க பிடிச்சு ஓட்டறேனா பிடிச்சு தொங்கறேனான்னு எனக்கே டவுட்டு. சரி, பெஞ்ச்னாலே இப்படித்தான் போல, அந்த காலத்து ஆளுங்க முதுகு வேற நம்ம முதுகு வேறன்னு நெனச்சுட்டு பக்கெட் தேட ஆரம்பிச்சேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா இத வெச்சு நெறைய பேர் சண்ட போடறாங்க. பழைய பிக்கப்ல பக்கெட் போடறது பாவம், ஒரிஜினல் கெட்டுப்போச்சு அப்படின்னு ஒரு கோஷ்டி இருக்கு. கம்பெனியே போட்டிருக்கான்ப்பா. டாட்ஜ் 1964ல டி100ல கஸ்டம் ஸ்போர்ட்ஸ் ஸ்பெஷல்னு ஒண்ணு விட்டப்பவே பக்கெட் சீட்டு. ஃபோர்டு 1965ல எஃப்-100க்கு ரேஞ்சர்னு ஒரு பேக்கேஜ் குடுத்தான், அதுலயும் பக்கெட். செவர்லே 1967ல புது பாடி விட்டப்ப சிஎஸ்டின்னு மேல் மாடல் ஒண்ணு வந்துது, கஸ்டம் ஸ்போர்ட் ட்ரக்குங்கறதோட சுருக்கம், அதுக்கு பக்கெட் ஆப்ஷன் இருந்துது. அந்த வரிசையில வந்த பக்கெட்டுக்கு நடுவுல குட்டியா மூணாவது சீட்டு ஒண்ணு வரும், பட்டி (buddy) சீட்டும்பாங்க, அதோட முதுக மடக்கினா கை வைக்கற மேடை, அடியில சாமான் வைக்க இடம். யோசிச்சு பாத்தா ரெண்டு பக்கெட் போட்டாலும் மூணாவது ஆள மறக்காம இருந்திருக்கான், நான்தான் மறந்தேன். அந்த ஒரிஜினல் செட்டு இப்ப நல்ல கண்டிஷன்ல கெடைக்கறது குதிரைக்கொம்பு, அதனால புதுசா செஞ்சு விக்கற ஐட்டத்துக்கு போனேன்.

ஆர்டர் போட்டது முதுகு கட்டையா இருக்கற ரெண்டு பக்கெட், நடுவுல வைக்க ஒரு கன்சோல் (கப்பு, சாமான் வைக்கற பெட்டி), கூடவே சீட்ட தளத்தோட பிடிக்கற பிராக்கெட். எந்த கம்பெனின்னு சொல்லல, சொன்னா அவன் ஒருத்தன்தான் இப்படின்னு ஆயிடும், விசாரிச்சதுல பாதி பேருக்கு இதே கததான். "67-லேருந்து 72 வரைக்கும் அப்படியே போல்ட் போட்டா போதும்"னு போட்டிருந்துது. பெட்டிய பிரிச்சு பழைய பெஞ்ச வெளிய எடுத்து பிராக்கெட்ட வெச்சு பாத்தா முன் ஓட்டை ரெண்டும் சரியா உக்காருது, பின் ஓட்டை ரெண்டும் அரை இஞ்சு தள்ளி. சரி ஓட்டைய நீளமா ராவி உக்கார வெச்சேன். அப்புறம் பாத்தா பாஸஞ்சர் பக்கம் தளம் தகரமா இருக்கற எடத்துல ஒரு போல்ட் வருது, அந்த தகரம் உள்ளருந்து துருப்பிடிச்சு அப்பளம் மாதிரி, ஸ்க்ரூடிரைவரால தட்டினா பொத்துக்குது.

இந்த எடத்துலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. சும்மா பெரிய வாஷர் ஒண்ண போட்டு முறுக்கிட்டு போயிடறது. சீட்டுங்கறது நாற்காலி இல்ல. மோதல்ல சீட்டோட எடை, பின்னாலருந்து இடிச்சா உங்க எடையும் சேர்ந்து அந்த நாலு போல்ட்டத்தான் இழுக்கும், வாஷர் தகரத்த கிழிச்சுட்டு மேல வந்துடும். அழுகின தகரத்த வெட்டி எடுத்துட்டு புது தகடு வெல்ட் பண்ணி, அடியில கெட்டித் தகடு ஒண்ணு குடுத்து, அப்புறம் கிரேடு 8ங்கற கூடுதல் பலமுள்ள போல்ட் போட்டேன். பெல்ட்டுக்கு வர்ற போல்ட் பொதுவா 7/16 இஞ்சு, இஞ்சுக்கு 20 மரை, அத கைல கெடைச்ச வேற போல்ட் வெச்சு சமாளிக்காதீங்க. "அப்படியே போல்ட் போட்டா போதும்"னவன் வேல எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

மாட்டி முடிச்சு மொத ரவுண்டு போனப்ப, உண்மைய சொல்லணும், சொக்கிப் போயிட்டேன். இடுப்ப ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குது, திருப்பினா உடம்பு அங்கயே இருக்கு, கை ஸ்டீரிங்க திருப்பற வேலைய மட்டும் பாக்குது. வண்டி திடீர்னு புதுசாயிட்ட மாதிரி ஒரு ஃபீலு, சஸ்பென்ஷன்ல ஒரு நட்டு கூட தொடல, ஆனா வண்டி அலையறது பாதி குறைஞ்ச மாதிரி இருக்கு. அலைஞ்சது வண்டி இல்ல, நான்தான். ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டினாலும் இடுப்பு வலி கெடையாது. டிரைவரும் பக்கத்துல உக்கார்றவரும் அவங்கவங்க சீட்ட தனித்தனியா முன்ன பின்ன தள்ளிக்கலாம், இது எவ்ளோ பெரிய வசதின்னு பின்னாடி சொல்றேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது.

மொதல்ல உயரம். கார் மாதிரி தாழ்வா உக்கார செஞ்ச சீட்டு அடியில ஸ்லைடர் (சீட்ட முன்ன பின்ன நகத்தற தண்டவாளம்), அதுக்கு அடியில பிராக்கெட்டுன்னு அடுக்கினா பெஞ்ச விட ரெண்டு இஞ்சு மேல வந்துட்டேன். பழைய வண்டில ஸ்டீரிங் வளையம் இப்ப வர்ற கார விட பெருசு, தொடைக்கும் வளையத்துக்கும் நடுவுல ஏற்கனவே இடம் கம்மி, இப்ப கிளட்ச்ச மிதிக்க கால தூக்கினா தொட வளையத்துல இடிக்குது. கண்ணாடி வழியா பாத்தா மேல் சட்டம் கண்ணுக்கு நேரா நிக்குது, சிக்னல் விளக்க பாக்க குனியணும். வாங்கறதுக்கு முன்னாடி டேப்ப எடுத்து தரையிலருந்து பழைய குஷன் மேல் வரைக்கும் ஆள் உக்காந்த நிலைல அளந்து வெச்சுக்கங்க, சும்மா இருக்கறப்ப அளக்காதீங்க, ஃபோம் அமுங்கறது கணக்குல வரணும்.

அடுத்து ஏறி இறங்கறது. இது உயரமான வண்டி, கார் மாதிரி உள்ள நுழையறது இல்ல, கால வெச்சு ஏறி அப்படியே பின்பக்கத்த சீட்டு மேல இழுத்து உக்கார்றது. பெஞ்சுல அது ஒரே இழுப்பு. பக்கெட்டுக்கு ஓரத்துல தூக்கலா ஒரு தலகாணி மாதிரி வருதுல்ல, ஒவ்வொரு தடவையும் அது மேல ஏறி தேய்ச்சுட்டுதான் உள்ள விழணும். ஒரு நாளைக்கு பத்து தடவ ஏறி இறங்கற வேலைக்கு வண்டி வெச்சிருந்தா மொதல்ல நசுங்கறதும் கிழியறதும் டிரைவர் பக்கத்து வெளி ஓரம்தான், எனக்கு எட்டே மாசத்துல தையல் விட்டுருச்சு. ஓரம் தூக்கலா இல்லாத பக்கெட்டா பாத்து வாங்கியிருக்கணும், ஆனா அப்படி வாங்கினா வளைவுல பிடிச்சுக்கற சுகம் போயிடும், அப்ப பக்கெட் எதுக்குங்கற கேள்வி வருது.

மூணாவது, நடு இடம். கன்சோல் பாக்க ஜம்முனு இருக்கு, ரெண்டு கப்பு வைக்கலாம், போன் வைக்கலாம். ஆனா அந்த ஒரு அடி அகலம் போச்சு. ஒரு மர சட்டத்த கேபினுக்குள்ள குறுக்க வைக்க முடியாது, பெரிய பைய பக்கத்துல போட முடியாது, நாய் படுக்க எடம் இல்ல. நாய் ரெண்டு நாள் கன்சோல் மேல நின்னு பாத்துட்டு மூணாம் நாள் வண்டில ஏறவே மாட்டேன்னுடுச்சு. எங்கப்பா வண்டிய மொத மொதல்ல பாத்தவரு கதவ தொறந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. "என்னடா இது, ரெண்டு பேருக்குத்தான் எடம் வெச்சிருக்க, உன் பொண்டாட்டி எங்க உக்காருவா, நான் எங்க உக்காருவேன்?" அவ்ளோதான் கேட்டாரு. நான் என்னமோ ஹேண்ட்லிங் அது இதுன்னு சொன்னேன், அவரு போயி கார்ல ஏறிக்கிட்டாரு.

இந்த சி10ல 67-லேருந்து 72 வரைக்கும் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளயே, சீட்டு முதுகுக்கு பின்னாடியே நிக்குது. அதே காலத்து எஃப்-100லயும் அப்படித்தான். 1973ல வந்த புது பாடிலதான் அத கேபின விட்டு வெளிய கொண்டு போனாங்க. அதனால இந்த வண்டிகள்ல முதுகு தடிமனா இருக்கற எந்த சீட்டு போட்டாலும் அந்த தடிமன் அளவுக்கு நீங்க முன்னாடி தள்ளப்படுவீங்க. சாய்க்கற வசதி இருக்குன்னு காசு குடுத்து வாங்கின சீட்டு டேங்க் மேல இடிச்சு ரெண்டு கிளிக்குக்கு மேல சாயல. டேங்க எடுத்து பின்னாடி சாமான் ஏத்தற தொட்டிக்கு அடியில மாத்தினா கேபின்ல தாராளமா எடம் கெடைக்கும், பண்றவங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா சீட்டு வாங்க போயி டேங்க் மாத்தற வேலைல போயி நிக்கறது எனக்கு ஒத்து வரல. ஒரு டிப்ஸ்: எந்த சீட்டு போட்டாலும் சரி, சீட்டு வெளிய இருக்கறப்பவே டேங்க் வாய் ரப்பரையும் மேல இருக்கற, பெட்ரோல் அளவ கேஜுக்கு சொல்ற செண்டரோட (sender) கேஸ்கெட்டையும் பாத்து மாத்திடுங்க. வண்டிக்குள்ள பெட்ரோல் வாசன வருதுன்னு பொலம்பற பாதி பேருக்கு பிரச்சன அங்கதான்.

பக்கெட்டோட ஒரு வருஷம் ஓட்டினேன். கழட்ட வெச்சது எதுன்னு கேட்டா, ஒரு நாள் ஷெட்டுல மூலைல கெடந்த பழைய பெஞ்ச என்னதான் இருக்குன்னு பிரிச்சு பாத்தேன், அதுதான். பிரவுன் துணிய உரிச்சா அடியில கருப்பு ரெக்சின். அத உரிச்சா அடியில பச்ச ரெக்சின், அதுதான் கம்பெனி போட்டது, ஓரத்துல தையல் இன்னும் அப்படியே இருக்கு. ஆக ஒவ்வொருத்தரும் கிழிஞ்சது மேலயே இன்னொரு கவர இழுத்து மாட்டியிருக்காங்க, உள்ள ஒருத்தரும் தொடல. பச்சைக்கு அடியில பஞ்சு, பஞ்சா அது, கையில எடுத்தா தூளு. அதுக்கு அடியில கோணி துணி மக்கிப்போயி, ஸ்பிரிங் அது வழியா மேல வந்து நேரா நம்மள குத்துது. டிரைவர் பக்கம் இடது ஓரத்துல ரெண்டு ஸ்பிரிங் உடைஞ்சு, ஒண்ணு கம்பிலருந்து கழண்டு தொங்குது. என் இடது இடுப்பு வலியோட மொத்த ஜாதகமும் அந்த மூணு ஸ்பிரிங்ல எழுதியிருந்துது. மடிப்புல ஒரு பென்சில், ரெண்டு ஹேர்பின், என்னத்துதோன்னே தெரியாத ஒரு வாஷர். அப்ப உறைச்சுது, நான் பெஞ்சுன்னு நெனச்சு திட்டினது அம்பது வருஷத்து பஞ்ச. பெஞ்ச் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியவே தெரியாது, ஏன்னா நல்ல பெஞ்சுல நான் உக்காந்ததே இல்ல.

சரின்னு சட்டத்த சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, விரிசல் விட்ட ரெண்டு எடத்த வெல்ட் வெச்சு, பெயிண்ட் அடிச்சு, உடைஞ்ச ஸ்பிரிங்க மாத்தி குஷன் தைக்கற ஒருத்தர்ட்ட குடுத்தேன். வயசானவரு, நல்லா பேசுவாரு. "தம்பி நல்லா மெத்துன்னு போட்டுடறேன், சோபா தோத்துடும்"னாரு. நானும் தலையாட்டிட்டேன். வந்த சீட்டு உண்மையிலயே சோபாதான், நாலு இஞ்சு கூடுதல் ஒசரம், உக்காந்தா தல கூரைய தொடுது. ரெண்டு வாரத்துல டிரைவர் பக்கம் அமுங்கவும் ஆரம்பிச்சுருச்சு. அவர குறை சொல்ல மாட்டேன், நான் அளவு குடுக்கல. கத்துக்கிட்டது இதுதான்: ஃபோம்ல டென்சிட்டி வேற, கெட்டி வேற. கெட்டியா இருக்குங்கறதுக்காக நாள் பட நிக்கும்னு அர்த்தம் இல்ல, டென்சிட்டி கம்மியா இருக்கற ஃபோம் கைக்கு கெட்டியா இருந்தாலும் சீக்கிரம் நசுங்கிடும். ஹெச்.ஆர். ஃபோம்னு (ஹை ரெசிலியன்ஸ், அமுக்கி விட்டா சட்டுனு எழும்பறது) கேட்டு, டென்சிட்டி எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க. அடியில கெட்டியான லேயரு, மேல ஒரு இஞ்சுக்கு மெதுவான லேயரு, ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவுல புது கோணி துணியோ கெட்டி ஃபெல்ட்டோ கண்டிப்பா, இல்லன்னா ஸ்பிரிங் அடியிலருந்து ஃபோம அறுத்துடும். மொத்த உயரம் பழைய அளவ தாண்டவே கூடாது.

ரெண்டாவது தடவ நானும் கூட உக்காந்தே செஞ்சோம். கவருக்கு நடுப்பகுதி துணி, ஓரமெல்லாம் ரெக்சின், இது என் சொந்த ஐடியா இல்ல, வழுக்கறதுக்கு இதுதான் மருந்துன்னு அந்த குஷன் தைக்கறவரு சொன்னாரு, அவர் சொன்னது நூத்துக்கு நூறு. முழு ரெக்சின் பாக்க அழகு, ஆனா வெயில்ல நிறுத்திட்டு வந்து உக்காந்தா தொட பொசுங்கும், திருப்பினா சறுக்கும். மடிப்ப முன்ன பின்ன ஓடற மாதிரி வெச்சோம், அதுவும் கொஞ்சம் பிடிமானம் குடுக்குது. இன்னொண்ணு, பழைய கவருக்குள்ள தையலோட சேர்த்து ஒரு கம்பி ஓடும், அந்த கம்பிய கீழ சட்டத்தோட ஹாக் ரிங் (நசுக்கி மாட்டற சின்ன கம்பி வளையம்) வெச்சு இழுத்து கட்டினாத்தான் கவரு பள்ளத்துல படிஞ்சு உக்காரும். மொத தடவ அந்த கம்பிய விட்டுட்டாங்க, அதனாலதான் நடுவுல பலூன் மாதிரி உப்பி நின்னுச்சு. பழைய கவர தூக்கி எறியறதுக்கு முன்னாடி அந்த கம்பிய உருவி வெச்சுக்கங்க. சுருக்கம் இருந்தா ஹீட் கன்ன தூரமா பிடிச்சு லேசா காட்டி கையால நீவினா போயிடும், கிட்ட பிடிச்சா ரெக்சின் பளபளன்னு ஆயி அப்புறம் அந்த மினுமினுப்பு போகவே போகாது, என் சீட்டுல ஒரு ரூபா காசு அளவுக்கு ஒண்ணு இருக்கு.

இப்ப இந்த பெஞ்ச் எப்படி இருக்கு? பக்கெட்டோட வசதில எம்பது சதவீதம்னு சொல்லுவேன். வளைவுல பக்கெட் மாதிரி பிடிக்காது, அத ஒத்துக்கறேன், வேகமா திருப்பினா பெல்ட்டுதான் பிடிக்கணும். ஆனா இடுப்பு வலி இல்ல, உயரம் சரி, ஏறி இறங்க ஒரே இழுப்பு, முதுக முன்னாடி மடக்கினா பின்னாடி ஜாக்கியும் டூல்ஸும். செலவு ரெண்டு தடவ தைச்சும் பக்கெட்டுக்கு ஆனதுல பாதிய தாண்டல.

பெஞ்சோட உண்மையான குறை ஒண்ணு இருக்கு, அத பெஞ்ச் ரசிகனுங்க வாய தொறந்து சொல்ல மாட்டானுங்க. மொத்த சீட்டும் ஒண்ணா நகரும். என் வீட்டுக்காரி ஓட்டறப்ப கிளட்ச் எட்டணும்னா சீட்ட நல்லா முன்னாடி இழுக்கணும், அப்ப பக்கத்துல உக்காந்த என் முட்டி டாஷ்போர்டுல. "ஏங்க, கொஞ்சம் கால மடக்கிக்கங்க"ன்னா, எங்க மடக்கறது? இதுக்கு தீர்வே இல்ல, முதுகுக்கு ஒரு குஷன் வெச்சு ஓட்டறதத்தான் இப்ப வழக்கமா வெச்சிருக்கோம். அதோட ரெண்டு பக்க ஸ்லைடரும் ஒரே கம்பியால இணைஞ்சிருக்கு, ஒண்ணு துருப்பிடிச்சிருந்தா ஒரு பக்கம் லாக் விழும், இன்னொரு பக்கம் விழாது, சீட்டு கோணலா நிக்கும், பிரேக் அடிச்சா ஒரு பக்கம் மட்டும் டக்குனு முன்னாடி போகும். கழட்டினப்பவே ரெண்டு ஸ்லைடரையும் மண்ணெண்ணையில ஊறப்போட்டு பல்லு தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க.

பாதுகாப்பு பத்தி ரெண்டு வார்த்த, ஏன்னா அழகு பேசற யாரும் இத பேசறதில்ல. பழைய பெஞ்சுக்கு முதுகு தோளு வரைக்கும் கூட வராது, தலைக்கு ஒண்ணும் கெடையாது. அமெரிக்காவுல காருங்களுக்கு தலை தாங்கி 1969லயே கட்டாயம் ஆயிடுச்சு, ஆனா பிக்கப் மாதிரி லைட் ட்ரக்குங்களுக்கு 1991 செப்டம்பர்ல தான் ஆச்சு, அதனால கட்டை முதுகுதான் ஒரிஜினல்ங்கறது உண்மை, அது நல்லதுங்கறது உண்மை இல்ல. பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சா கழுத்து போறது பின் கண்ணாடி பக்கம். இந்த விஷயத்துல தலை தாங்கி இருக்கற உயர முதுகு பக்கெட் கண்டிப்பா மேல், நான் வாங்கின கட்டை முதுகு பக்கெட்டு ரெண்டுங்கெட்டான்.

பெல்ட்ட பொறுத்தவரைக்கும் நான் ஓரம் ரெண்டுக்கும் தோள் பெல்ட்டோட மூணு முன பெல்ட், நடுவுக்கு இடுப்பு பெல்ட் போட்டேன். தோள் பெல்ட்டோட மேல் போல்ட்டுக்கு கதவுக்கு பின்னாடி இருக்கற தூண்ல கெட்டியான எடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா உள்ள தகடு குடுத்து வெல்ட் பண்ணிட்டுதான் போல்ட். அந்த மேல் போல்ட் உங்க தோள் மட்டத்துக்கு கீழ இருக்கக்கூடாது, இருந்தா மோதல்ல பெல்ட்டு தோள கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்ப பதம் பாத்துடும். குழந்தைங்க இருக்கற வீடா இருந்தா இன்னொண்ணு, பூஸ்டர் சீட்டுக்கு (புள்ளைய உயர்த்தி உக்கார வைக்கற சீட்டு) தோள் பெல்ட் கட்டாயம், வெறும் இடுப்பு பெல்ட்டோட பூஸ்டர் வைக்கக்கூடாது. அதனால நடு சீட்டு இருக்குன்னு பூஸ்டர்ல இருக்கற புள்ளய அங்க உக்கார வெச்சுடாதீங்க. நடு சீட்டுல எங்க வீட்ல உக்கார்றது வீட்டுக்காரி, ஓரத்துல அப்பா.

மூணாவது வழியா புது வண்டிலருந்து பிரிஞ்ச பெஞ்ச எடுத்து போடறது ஒண்ணு இருக்கு, அகலத்த பிரிச்சிருக்கற விகிதத்த வெச்சு 60/40ன்னோ 40/20/40ன்னோ சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா நகரும், நடுவுல ஆளும் உக்காரலாம், மடக்கினா மேடை. பேப்பர்ல பாத்தா இதுதான் ஜெயிக்கணும். ஃப்ரெண்டு வண்டில உக்காந்து பாத்தேன், சொகுசுல கொற சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா முதுகு மலை மாதிரி, பின் கண்ணாடில பாதி மறைஞ்சு போச்சு, டேங்க் உள்ள இருக்கறதால முட்டி டாஷ்போர்டு கிட்ட. அதோட ஒரு எச்சரிக்கை: 1999ல வந்த செவர்லே சில்வராடோ பிக்கப்ல எக்ஸ்டெண்டட் கேப் (பின்னாடி நீட்டின கேபின்) சீட்டுல பெல்ட் சீட்டு சட்டத்துலயே இருக்கும், ஆஹா பெல்ட் பிரச்சனையும் தீந்துச்சுன்னு தோணும். தீரல. மோதல்ல பெல்ட்டோட மொத்த இழுப்பும் சீட்டு கால் வழியா தளத்துக்கு போகும், பழைய வண்டி தளம் அதுக்குன்னு செஞ்சது இல்ல. அடியில சட்டம் குடுக்காம அத மாட்டறது வீண் ரிஸ்க்கு.

கியர் எங்க இருக்குங்கறதும் பாதி முடிவ பண்ணிடும். என்னுது ஸ்டீரிங் தண்டுல, அதனால நடு தரை காலி, மூணாவது ஆளு நிம்மதியா கால வைக்கலாம். எஸ்எம்465 மாதிரி நாலு கியர் பெட்டியா இருந்தா தரையிலருந்து நீளமா ஒரு ராடு கெளம்பி வரும், ரெண்டாவது கியருக்கு இழுக்கறப்பல்லாம் நடுவுல இருக்கறவங்க முட்டிய கேக்காம இழுக்க முடியாது. நாலு வீல் டிரைவா இருந்தா பக்கத்துல இன்னொரு ராடு. அப்படி வண்டிக்கு மூணாவது ஆளு பேருக்குத்தான், பக்கெட்டே போட்டுடலாம், ஆனா கன்சோல் ராடுக்கு இடிக்குதான்னு அளந்துட்டு.

யாராவது என்கிட்ட கேட்டா நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், நடுவுல யாரு உக்காருவா? யாரும் இல்ல, நானும் ஒருத்தரும்தான், நீண்ட தூரம் ஓட்டுவேன், வண்டிய தாழ்த்தி இன்ஜின் மாத்தி வேகமா ஓட்டற ஐடியான்னா தலை தாங்கியோட பக்கெட், ஓரம் ரொம்ப தூக்கலா இல்லாம. இல்ல குடும்பம், நாய், மூட்ட முடிச்சுன்னா பெஞ்ச், ஆனா உள்ள பிரிச்சு பாக்காம மேல கவர மட்டும் மாத்திட்டு என்ன திட்டாதீங்க. ஸ்டார் குடுக்கணும்னா அந்த பக்கெட்டுக்கு 5க்கு 3, அதுல ஒண்ணு அந்த மொத ரவுண்டுக்காக. புதுசா கட்டின பெஞ்சுக்கு 4, வீட்டுக்காரி சீட்டுல உக்காந்து இத படிச்சா 3ன்னு மாத்த சொல்லுவா.

பெஞ்ச் மாட்டின அன்னிக்கு அப்பாவ கூட்டிட்டு ஒரு ரவுண்டு போனோம், மூணு பேரும். ஏறினாரு, கையால குஷன ரெண்டு தடவ அமுக்கி பாத்தாரு, கதவ சாத்தினாரு. ஒரு கமெண்டும் வரல, பாதி தூரம் போனப்ப பாத்தா தூங்கிட்டாரு. பக்கெட்டு ரெண்டும் இப்ப ஷெட்டுல ஒரு பலகை மேல போல்ட் போட்டு கெடக்கு, கார்புரேட்டர் கழட்டற வேலையெல்லாம் அதுல உக்காந்துதான், இடுப்ப நல்லா பிடிச்சுக்குது. ஒண்ணுல நாய் படுத்துக்குது.